தேருக்குப் பேரிங் வைத்த வருடம்

கயிறு தொங்கியது. அன்றைக்கு முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

தேர்க்கயிறு என்றால் விறைத்து நிற்க வேண்டும். பிடித்திருப்பவர்களின் உள்ளங்கை எரிய வேண்டும். அன்று அது நடுவில் தொய்ந்து, சிமெண்டு ரோட்டை உரசிக்கொண்டு போனது. பெண்கள் பிடிக்கிற கயிற்றில் முன்னாலேயே என் மனைவி அமலி நின்றாள். இழுத்தாள் என்று சொல்ல மாட்டேன். துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்தாள்.

மேளம் காதைக் கிழித்தது. "மரியே வாழ்க!" என்று கத்திக் கத்தி என் மைத்துனன் தொம்மைக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அமலி மட்டும் திரும்பித் திரும்பித் தேரைப் பார்த்தாள்.

துறைமுகத்தில் காலமெல்லாம் பழுது பார்த்தவனுக்கு ஒரு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முடிந்தது என்று நினைத்த வேலை முடியவில்லை. மறுபடியும் கழற்ற வேண்டும்.

அந்தத் தேருக்குப் பேரிங் வைத்தது நான்தான்.

அமலி பிறந்த ஊரின் தேர் அது. அங்கே போகத் தூத்துக்குடியில் வேம்பார் பஸ் ஏறி, உப்பளங்களைத் தாண்டி, மீன் வாடை ஜன்னலுக்குள் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் தொம்மை ஊர்க்கமிட்டியைக் கூட்டி, "எங்க தேரைப் பத்தி எங்கள கேக்காம எப்படி எழுதலாம்" என்று ஆரம்பிப்பான். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

உருட்டுக் கட்டை

"இந்தப் பத்தியில் வாராவாரம் பேரிங் பேரிங் என்கிறீர்கள். அது என்னதான் என்று ஒரு தடவை சொல்லித் தொலையுங்களேன்" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கோபம். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரையில் வள்ளத்தை மணலில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெறும் மணலில் இழுத்தால் அசையாது. அடியில் உருட்டுக் கட்டைகளைக் குறுக்கே போடுவார்கள். வள்ளம் கட்டை மேல் ஏறியதும் கட்டை உருளும், வள்ளம் நகரும். தேய்த்துக்கொண்டு போக வேண்டியது உருண்டுகொண்டு போகிறது. ஒரே ஒரு சிரமம், வள்ளம் கடந்த கட்டை பின்னால் கிடக்கும். அதை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போட வேண்டும்.

பேரிங்கில் அந்த ஓட்டக்காரனுக்கு வேலை இல்லை. ஒரு வளையம், அதற்குள் சின்னதாக இன்னொரு வளையம், இரண்டுக்கும் நடுவில் வரிசையாக எஃகுக் குண்டுகள். பாதை வட்டம் என்பதால் பின்னால் போன குண்டு தானே சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்க ஒரு தகட்டுக் கூடு. உள்ளே கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இதைப் படிக்கும்போது உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியில் அது இருக்கிறது. தண்ணீர் மோட்டாரில், ஸ்கூட்டர் சக்கரத்தில், வாஷிங் மெஷினில் இருக்கிறது. இல்லாத இடத்தைச் சொன்னால்தான் ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களின் எஞ்சினில் பிரதானத் தண்டு குண்டுகளின் மேல் நிற்பதில்லை. வழுவழுப்பான உலோகப் படுக்கையில், எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்கிறது. குண்டு வளையத்தைத் தொடுவது ஒரு புள்ளி அளவுதான். அந்த எஞ்சினின் பாரமும் இடியும் ஒரு புள்ளியில் இறங்கினால் குண்டு என்ன ஆகும்?

அதனால் வேகமாகச் சுற்ற வேண்டிய இடத்தில் குண்டு வைப்போம். பாரம் தாங்க வேண்டிய இடத்தில் குண்டுக்குப் பதில் சின்னச் சின்ன உருளைகள் வைப்போம். உருளை ஒரு கோடு நீளத்துக்குத் தொடும், பாரம் பரவிவிடும்.

கேட்டுக் கேட்டு

நான் வேலை பார்த்தது நிலக்கரி கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டில். கப்பலில் இருந்து இறங்குகிற கரி பெல்ட்டில் ஏறிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும். அந்தப் பெல்ட்டைத் தாங்குவது உருளைகள். ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு முனையிலும் பேரிங்.

கரித்தூசி ஒரு பக்கம், கடல் காற்றில் வருகிற உப்பு ஈரம் ஒரு பக்கம். இரண்டும் கலந்து பேரிங்குக்குள் புகுந்தால் கிரீஸ் கறுப்புக் களியாகிவிடும். முதலில் லேசாக முனகும். பிறகு விசிலடிக்கும். பிறகு அலறும். அலறல் நின்றுவிட்டால் ரொம்ப மோசம். உருளை சுற்றவில்லை, பெல்ட் அதைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது, தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்று அர்த்தம்.

என் வேலை, பெல்ட் ஓரமாக நடந்து காது கொடுத்துக் கேட்பது. சந்தேகம் வந்தால் ஸ்குரூ டிரைவர் நுனியைப் பேரிங் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைப்பேன். கெட்டது எது என்று கேட்டு, சாக்பீஸால் கோடு போட்டு, மாற்ற வேண்டும். இன்று ஒன்றை மாற்றினால் நாளை இன்னொன்று அழும். இந்தக் கோடியில் முடித்துவிட்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடியில் ஆரம்பித்துவிடும். முடிந்துவிட்டது என்று கையைக் கழுவிய நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

அந்தக் காது வீட்டுக்கும் கூடவே வந்தது. விசிறி லேசாகக் கரகரத்தால் தூக்கம் போய்விடும். எழுந்து ஸ்டூலைப் போடுவேன். "மாதாவே, இந்த மனுசனுக்குக் காதை மட்டும் கொஞ்சம் செவிடாக்கு" என்று அமலி போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

மாமியார் வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மை, எதற்குப் போனாலும் இதே கதைதான். பிரியாணித் தட்டைக் கையில் வாங்கும்போது யாராவது ஒருவர் ஓடாத மிக்சியோடு வந்து பல்லைக் காட்டுவார்.

நேர்ச்சை

வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். இனி எந்தச் சத்தமும் என் பொறுப்பில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமல் நிற்கவில்லை, மூச்சு அடைத்தது, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துவிட்டேன். நான் பிழைப்பேன் என்று அமலியைத் தவிர யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குழாயை எடுத்த அன்று அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க எழும்பி நடந்துட்டா, தேரை இழுத்து ஊரச் சுத்தி வாரேன்னு மாதாட்ட சொல்லியிருக்கேன்."

எனக்கு முன்பே வார்டு முழுவதற்கும் அது தெரிந்திருந்தது.

அமலிக்கு இடுப்பில் தட்டு விலகியிருக்கிறது. குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஏளா, தேர இழுத்து உன் இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கது?" என்றேன்.

"அத மாதா பாத்துக்கிடுவாக. நீங்க கஞ்சியக் குடிங்க."

அந்தத் தேரை எனக்குத் தெரியும். மரச்சக்கரம், இரும்பு அச்சு, நடுவில் எண்ணெயும் கிரீஸும். அச்சு தேய்த்துத் தேய்த்துச் சக்கரத்தின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தேர் கிளம்பினால் கிரீச்சல் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். முன்பெல்லாம் இழுக்க ஆள் இருந்தது. இப்போது இளந்தாரிகள் பாதிப் பேர் கப்பலில், மீதிப் பேர் வளைகுடாவில். போன திருநாளில் கடற்கரைத் தெரு திருப்பத்தில் சக்கரம் மணலில் சிக்கி, கடைசியில் டிராக்டரைக் கொண்டுவந்து மாதாவை இழுத்தார்கள். ஊரே அவமானப்பட்டது.

தொம்மை ஒரு நாள் பை நிறைய ஊளி மீனோடு வீட்டுக்கு வந்தான். மீனின் அளவைப் பார்த்ததும் பெரிய வேலை என்று புரிந்தது.

"அத்தான், தேருக்குப் பேரிங் போட்டுருவமா? கமிட்டில எல்லாரும் ஒங்களத்தான் சொல்லுதாக."

வழக்கமாக இதற்கெல்லாம் நான் ஒரு வாரம் இழுத்தடிப்பேன். அன்று உடனே சரி என்றேன். தொம்மைக்கே சந்தேகமாகிவிட்டது. அமலியின் இடுப்புக்காகத்தான் ஒத்துக்கொள்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

லாரி அச்சு

பழைய லாரி உடைக்கிற இடத்தில் அச்சும் சக்கர மையமும் எடுத்தோம். பேரிங் மட்டும் புதிது. "பால் பேரிங்தான அத்தான்?" என்று தொம்மை கேட்டான். ஊரில் எந்தப் பேரிங்கும் பால் பேரிங்தான்.

தேருக்குக் குண்டு சரிப்படாது. பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்கினால்கூடப் பரவாயில்லை. தெருமுனையில் திரும்பும்போது மொத்தத் தேரும் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதற்கு ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்த உருளைகளைச் சாய்வாக அடுக்கிய பேரிங் வேண்டும். மேலிருந்து வருகிற பாரத்தையும் பக்கத்தில் இருந்து வருகிற தள்ளலையும் அது சேர்த்துத் தாங்கும். லாரிச் சக்கரத்தில் இருப்பதும் அதுதான்.

தொம்மை பேரிங்கை அச்சில் மாட்டச் சுத்தியலை ஓங்கினான். நான் போட்ட சத்தத்தில் எனக்கே இருமல் வந்துவிட்டது. வளையத்தில் சுத்தியல் ஒரு இடத்தில் பட்டால் போதும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு உருளையும் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது குதிக்கும். குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கக் கற்றுக்கொள்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

எல்லாம் மாட்டி முடித்து, தேரை ஜாக்கியில் நிறுத்தி, ஒரு சக்கரத்தை விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. தொம்மை பேசி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

தேரா, தள்ளுவண்டியா?

கொடியேற்றி ஒன்பதாம் நாள், வெயில் தாழும் முன்பே தேரை எடுத்தார்கள். பங்குச் சாமியார் தேரை மந்திரித்து முடித்ததும் தொம்மை "இழுங்கலே!" என்றான். காலம் காலமாக இழுத்த பழக்கத்தில் மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது.

தேர் பாய்ந்தது. முன்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மாதா சுரூபம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. யாரோ சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள். யாருக்கும் அடி இல்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் பயந்து பயந்து இழுத்தார்கள். இழுக்கவே தேவையில்லை. கடற்கரைத் தெருவின் சரிவில் தேர் இழுப்பவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. பாதி ஆண்கள் கயிற்றை விட்டுவிட்டு, பின்னால் போய்த் தேரைப் பிடித்துக்கொண்டார்கள். மணல் திருப்பத்தைக் கடந்ததே யாருக்கும் தெரியவில்லை. மேளக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக அடித்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி வாசலில் நிற்க வேண்டியவர்கள் அடுப்பங்கரையில் இருந்து ஈரக் கையோடு ஓடிவந்தால், தேர் அடுத்த தெருவில் இருந்தது.

"அத்தான், பஞ்சு மாதிரில்லா வருது!" என்று தொம்மை என்னைக் கட்டிக்கொண்டான்.

பின்னால் செபஸ்தி அக்கா, வருடம் தவறாமல் கயிறு பிடிக்கிறவள், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். "ஏலே தொம்மை, இது தேரா தள்ளுவண்டியாலே?" என்றாள்.

தொம்மை சிரித்தான். நான் கயிற்றின் முனையில் அமலியைத் தேடினேன். ஆரம்பத்தில் நான் சொன்ன முகம் அப்போது பார்த்ததுதான்.

குசினியில்

மாமியார் வீட்டுக் குசினியில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கலையே," என்றாள். "அதான் சங்கடமா இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"ஒங்க உசுருக்குன்னு நேந்துட்டு, நான் எங்க தேர இழுத்தேன்? கயித்தத் தொட்டுக்கிட்டுல்லா நடந்தேன். கையப் பாருங்க, ஒரு செவப்புக்கூட இல்ல."

"ஊரே அப்படித்தான நடந்துச்சு. நீ நேர்ந்தத செஞ்சுட்ட. மாதாவுக்குத் தெரியாதா?"

"மாதாவுக்குத் தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. உன் இடுப்புக்காகத்தான் அந்தத் தேரின் அடியில் படுத்துக் கிடந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆயுசு முழுவதும் கனத்தைக் குறைக்கிற வேலைதான் பார்த்தேன், அதற்கும் ஒரு குறையா என்றேன். சொல்லும்போதே இருமல் வந்தது. நிற்காமல் வந்தது.

அவள் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தா, இப்படி நீங்க இருமுத ஒவ்வொரு தடவையும், அன்னைக்கு ஒழுங்கா இழுக்கலையேன்னு நான் நெனச்சுக்கிட்டே கெடக்கணும். நாளைக்கு ஒரு சுத்துதான் இருக்கு. அத விட்டா அடுத்த வருசம்."

அடுத்த வருடம் நான் இருப்பேனா என்பதை இரண்டு பேருமே வாயால் சொல்லவில்லை. லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன்.

நட்டு

பொழுது விடிந்ததும் பெரிய ஸ்பேனரையும் ஒரு குழாயையும் எடுத்துக்கொண்டு தேரடிக்குப் போனேன். ஜாக்கி வைத்து முதல் சக்கரத்தைத் தூக்குவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சக்கரத்தின் மையத்தில் ஒரு நட்டு இருக்கும். பேரிங்கை அதன் இடத்தில் பிடித்து வைப்பது அதுதான். அதை மாட்ட ஒரு முறை உண்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, சக்கரம் பிடிக்க ஆரம்பித்ததும் நிறுத்தி, நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பித் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாவிட்டால் உருளைகள் வளையத்தில் நெரிந்து உராயும், சீக்கிரமே செத்துப்போகும். இதைச் செய்யாததற்காக நான் திட்டாத ஆள் துறைமுகத்தில் இல்லை.

அன்று நான் முறுக்கினேன். தளர்த்தவில்லை. இன்னும் முறுக்கினேன்.

"அத்தான், என்ன செய்தீய?" தொம்மை பல் குச்சியோடு நின்றான்.

"இறுக்குதேன்."

"இறுக்கினா பேரிங் போயிரும்னு நீங்கதான சொன்னீய?"

"போகும். போனா வேற மாத்திக்கிடலாம். ஒங்க அக்கா நேத்து தேர இழுக்கலையாம்."

அந்த நேர்ச்சை அவனுக்கும் தெரியும். குச்சியைத் துப்பிவிட்டு உட்கார்ந்து, குழாயின் மறுமுனையைப் பிடித்தான். "எம்புட்டு இறுக்கணும்?" என்று கேட்டான்.

அதிகமாகிவிட்டால் மணலில் நிற்கும், மறுபடியும் டிராக்டர் வரும். குறைந்துவிட்டால் மறுபடியும் கயிறு தொங்கும். அமலியின் இடுப்பை நினைத்தால் கை தளர்ந்தது. நேற்றைய முகத்தை நினைத்தால் முறுக்கியது. கடைசியில் ஜாக்கியை இறக்கி, இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். தேர் மனசில்லாமல் ஒரு சாண் நகர்ந்தது. போதும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அமலி என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

பூசை முடிந்து தேர் கிளம்பியபோது, முதல் இழுப்பில் அது அசையவே இல்லை. கயிறு விறைத்து நின்றது. தொம்மை என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல! மறுபடியும் இழுத்தார்கள். அச்சு முனகியது, தேர் நகர்ந்தது. செபஸ்தி அக்கா குலவையிட்டாள்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனார்கள். மூச்சு வாங்க நின்றார்கள், அதற்குள் மெழுகுவர்த்தி ஏறியது, மாலை விழுந்தது. மணல் திருப்பத்தில் சக்கரம் பாதி புதைந்து நின்றுவிட்டது. அமலி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். குதிகால் மணலுக்குள் இறங்கியது. கயிற்றை விட்டுவிடு என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தேர் ஒரு குலுக்கலோடு மேலேறியது.

நான் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தேன். முன்பக்க இடது பேரிங் சுற்றுக்குச் சுற்று அழுதது. அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் ஓடிப்போய் நிறுத்தியவன் நான். ஊர் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

தேர் நிலைக்கு வந்ததும் அமலி கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கொண்டை அவிழ்ந்து, உள்ளங்கை தோல் உரிந்து, முகமெல்லாம் வேர்வை. சர்பத் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

ஒரே மூச்சில் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தலையில் இருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏயப்பா," என்றாள். "நீங்க இம்புட்டுக் கனமா?"